பதினாலாம் சானல், மாலை ஏழு மணி

செப்டம்பர் 3, புதன்

இன்றும் போனை அறிவுதான் எடுத்தான். "ஷைனி குளிக்குது மாமா" என்றான். நேற்று தூங்குகிறாளாம். முந்தாநாள் மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாளாம். என் மகளுடைய போன் எந்நேரமும் மருமகன் கையில் ஏன் இருக்கிறது?

மனைவி ஜானட்டிடம் சொன்னால், "உங்களுக்கு வேற வேலையில்ல" என்கிறாள். இல்லைதான். ரிட்டயராகி இரண்டு வருஷமாகிறது. அதற்கு முன்னால் முப்பத்தொரு வருஷம் துறைமுக கேட்டில் நின்றவன். லாரிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தவன். பாஸில் இருக்கிற படத்தையும் எதிரில் இருக்கிற ஆளையும் நன்றாகப் பார்க்காமல் ஒருத்தனையும் உள்ளே விட்டதில்லை. வீட்டுக்குள் மட்டும் ஒருத்தனை அப்படியே விட்டுவிட்டேன். பெண் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் என்ன செய்ய?

ஷைனிக்கு ஏழாம் மாதம் பிறக்கப் போகிறது. தலைப்பிரசவம். வளையல் அடுக்கி அழைத்துவந்து தாய்வீட்டில் வைத்துக்கொள்வதுதான் முறை. எப்போது வரட்டும் என்று கேட்டால், "பாக்கலாம் மாமா" என்கிறான். இதில் பார்க்க என்ன இருக்கிறது?

இரு பக்கமும் பேசிக்கொள்கிற ரேடியோ செட் இரண்டு வாங்கப்போகிறேன். ஒன்று என் காருக்கு, ஒன்று எண்ணூரில் அவள் வீட்டுக்கு. போன புயலில் டவரெல்லாம் படுத்து, மூன்று நாள் அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த மழைக்கு முன்னால் மாட்டிவிட வேண்டும். கேட்பவர்களிடம் புயலுக்கு என்று சொல்லலாம். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ரேடியோவை அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது, அவ்வளவுதான்.


செப்டம்பர் 5, வெள்ளி

பீச் ஸ்டேஷன் பக்கம் ஜீஷான் பாய் கடை. கப்பலில் இருந்து கழித்த சாமான், லாரி சாமான், எல்லாம் மலையாகக் கிடக்கும். சி.பி. ரேடியோ இரண்டு செட் வைத்திருந்தார். ஐந்து வாட்டுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாமாம். அரசாங்க உத்தரவின் நகலைக் காட்டினார். முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஜெராக்ஸில் என்ன தெரியும்?

செட்டைவிட ஏரியல்தான் முக்கியம் என்றார். "செட்டு இன்னா நைனா, எந்த செட்டும் ஒண்ணுதான். குச்சி சரியில்லன்னா நீ கத்துறது உன் கார்லயே சுத்தும்." மூன்று தினுசு எடுத்துப் போட்டார். ஒன்று ஒன்பது அடி எஃகுக் கம்பி. நல்லா இழுக்குமாம். ஆனால் மரக்கிளை, போர்டு, சப்வே எல்லாவற்றிலும் இடிக்கும். இரண்டாவது லாரிக்காரர்கள் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுகிற நாலடி ஃபைபர் குச்சி. மூன்றாவது அடியில் சுருளும் காந்தமும் வைத்தது. கூரைமேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம்.

எது நல்லது என்று கேட்டதற்குக் காந்தத்தைக் காட்டினார். அதுதான் இருப்பதிலேயே விலை கம்மி. விலை கம்மியானதை ஒரு கடைக்காரர் ஏன் தள்ளிவிடுகிறார்? திரும்பத் திரும்பக் கேட்டேன். "சந்தேகம்னா வாங்காத நைனா. வூட்டுக்குப் போய் டீவி பாரு" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

வாங்கவில்லை.


செப்டம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து எண்ணூர் போனோம். ஷைனிக்கு முகம் உப்பியிருக்கிறது. கால் பார்த்தேன், அதுவும்தான். என்னிடம் சரியாகப் பேசவில்லை. அம்மாவோடு சமையற்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அறிவிடம் செட் விஷயத்தைச் சொன்னேன். கண்டெய்னர் யார்டில் குளிர்பெட்டிகளுக்குக் கரண்ட் பார்க்கிற வேலை அவனுக்கு. ஒயர் தெரிந்தவன். காந்தம் வேண்டாம் என்றான். "உப்புக் காத்து மாமா. காந்தத்துக்கு அடில தண்ணி நின்னு கூரை துரு புடிச்சுக்கும். கூரை நடுவுல ஒரு ஓட்டை போட்டு நட்டு வெச்சு முடுக்கிட்டா ஆயுசுக்கும் இருக்கும்."

என் காரில் ஓட்டை போட இவனுக்கு என்ன அவ்வளவு ஆசை? பதினைந்து வருஷ வண்டி. ஒரு கீறல் கிடையாது. துளை போட்டு மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் யாருக்கு நஷ்டம்? ஜீஷான் ஒன்றைச் சொல்கிறார், இவன் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறான். இரண்டு பேரில் ஒருத்தன் என்னை ஏமாற்றுகிறான்.

திரும்பும்போது ஜானட், "அந்தப் புள்ள நல்லதுதானே சொல்லுது" என்றாள். அவளுக்கு எல்லாப் புள்ளையும் நல்ல புள்ளைதான்.


செப்டம்பர் 9, செவ்வாய்

காந்தமே வாங்கிவிட்டேன். ஜீஷான் சொன்னதற்காக இல்லை. பிடுங்கி எடுக்க முடியும் என்பதற்காக.


செப்டம்பர் 14, ஞாயிறு

அறிவு வந்து மாட்டினான். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து இரண்டு மணி வரை. நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் எதைக் கழற்றினாலும் எங்கே வைக்கிறான் என்று பார்த்தேன்.

குறை சொல்லக்கூடாது, வேலை சுத்தம். பேட்டரியிலிருந்து நேராக ஒயர், நடுவில் பியூஸ். ஆன்டெனா கேபிளைப் பின்கதவு ரப்பருக்குள் கொடுத்து, சீட்டுக்கு அடியில் கொண்டுவந்து, கதவை நாலு முறை சாத்திச் சாத்திப் பார்த்தான், கேபிள் நசுங்குகிறதா என்று. காந்தத்தைக் கூரையின் நடு மத்தியில் வைத்தான். "ஆன்டெனாவுக்கு கூரையும் ஒரு பாதி மாமா. சுத்தியும் தகடு இருந்தாத்தான் நாலா பக்கமும் போவும்."

பிறகு ஒரு சின்ன மீட்டரை நடுவில் சேர்த்தான். நாம் அனுப்புவதில் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு போகாமல் திரும்பி வருகிறது என்று காட்டுமாம். எனக்கு அந்த மீட்டர் ரொம்பப் பிடித்துவிட்டது. மனிதனுக்கு இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு வசதி. குச்சியைத் துளி தூக்கி, துளி இறக்கி, முள்ளை ஒன்றரைக்குக் கீழே கொண்டுவந்தான். ஒன்று என்றால் முழுசும் போகிறது, மூன்றுக்கு மேல் என்றால் செட் கெட்டுவிடும்.

மாடிவீட்டு வரதன் எட்டிப் பார்த்து, "இன்னா சார், போலீஸ் வண்டியா?" என்றார். இல்லை என்றதற்கு நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வரதனுக்கு எதையும் நம்பத் தெரியாது.

சாயங்காலம் எண்ணூர் போய் அங்கே மொட்டைமாடிக் குழாயில் இன்னொரு ஆன்டெனாவைக் கட்டிவிட்டானாம். பதினாலாம் சானல், தினமும் மாலை ஏழு மணி என்று பேச்சு.


செப்டம்பர் 15, திங்கள்

ஏழு மணிக்குக் காரில் உட்கார்ந்து பட்டனை அழுத்தி, "ஷைனி, அப்பா பேசறேன், கேக்குதா, ஓவர்" என்றேன். கையை எடுத்தேன். கரகர சத்தம். அப்புறம் என் மகள் குரல். "கேக்குதுப்பா. நல்லா கேக்குது. ஓவர்."

அவள் குரலைக் கேட்டு எட்டு நாள். கண் கலங்கிவிட்டது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.


செப்டம்பர் 18, வியாழன்

இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, காந்தத்துக்கு அடியில் கூரை கீறாமல் இருக்க, பழைய கால்மிதி ரப்பரை வட்டமாக வெட்டி வைத்தேன்.

இரண்டாவது, மாசானத்தைப் பார்த்தேன். கேட்டில் என்னோடு இருபது வருஷம் நின்றவன். இப்போது அறிவு வேலை செய்யும் அதே யார்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். அறிவு எத்தனை மணிக்கு உள்ளே போகிறான், எத்தனைக்கு வெளியே வருகிறான், யாரோடு வருகிறான் போகிறான், கொஞ்சம் விசாரித்துச் சொல்லு என்றேன். "எதுக்குண்ணே?" என்றான். சொந்த விஷயம் என்றேன்.

இதில் தப்பு என்ன? பெண்ணைக் கொடுத்தவன் விசாரிக்கக் கூடாதா? வியாசர்பாடிப் பையன் என்பதற்காக நான் இதைச் செய்யவில்லை. ராயபுரத்திலேயே நம்ம ஆளுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாலும் செய்திருப்பேன். செய்திருப்பேனா?


செப்டம்பர் 23, செவ்வாய்

நாலு நாளாக ஷைனி குரல் உடைந்து உடைந்து வருகிறது. நான் பேசுவது அங்கே கேட்கவே இல்லையாம். அறிவுதான் போன் செய்து சொன்னான். மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். முள் மூன்றைத் தாண்டி நிற்கிறது.

மாட்டினவனுக்குத்தானே கெடுக்கவும் தெரியும். ஒரு வாரம் வேலை செய்கிற மாதிரி வைத்து, அப்புறம் தானாகக் கழன்றுகொள்கிற மாதிரி ஏதாவது செய்திருப்பானோ? நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேனே. நடுவில் ஒரு முறை ஜானட் காபிக்குக் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம்.


செப்டம்பர் 28, ஞாயிறு

அறிவு வந்தான். கூரையைப் பார்த்தான். காந்தத்தைத் தூக்கினான். கால்மிதி ரப்பரை எடுத்து என் கையில் கொடுத்தான்.  காந்தத்தைத் தகட்டின்மேல் வைத்ததும் முள் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"தகட்டுக்கும் அதுக்கும் நடுவுல இவ்ளோ கனமா எதுவும் இருக்கக்கூடாது மாமா. காரை காபந்து பண்றேன்னு ஆன்டெனாவை அந்தரத்துல நிக்க வெச்சிட்டீங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஆள் இளைத்திருக்கிறான். தாடி வேறு. கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா" என்றான். ஷைனியை எப்போது அழைத்துக்கொள்ளட்டும் என்றேன். பார்வையை வேறு பக்கம் திருப்பினான். கேட்டில் அப்படிப் பார்வையைத் திருப்புகிறவனை ஓரமாக நிற்க வைத்து வண்டியை முழுசாகச் சோதனை போடுவோம்.


அக்டோபர் 1, புதன்

சொல்லாமல் கொள்ளாமல் எண்ணூர் போனேன். பகல் பன்னிரண்டு. வேலை நாள். லுங்கியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருக்கிறான்! "லீவு மாமா" என்றான். ஷைனி உள்ளே படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "இன்னாப்பா, இந்நேரத்துல?" என்றாள். பெற்ற அப்பன் வந்தால் கேட்கிற கேள்வியா அது?

நேற்றும் லீவா என்று கேட்டேன். எந்த ஷிப்ட் என்று கேட்டேன். யூனிபார்ம் ஏன் கொடியில் இல்லை என்று கேட்டேன். ஷைனி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அறிவு மட்டும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். ஒரு பதிலாவது நேராக இல்லை.

வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவன், அதை மறைக்கிறவன், எதைத்தான் மறைக்கமாட்டான்?


அக்டோபர் 4, சனி

பெண்ணை வரவிடாமல் செய்கிறான். இப்போது சந்தேகமே இல்லை.


அக்டோபர் 9, வியாழன்

எழுதக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்கு வழக்கம்போலப் பேசினோம். "நல்லா கீறேன்ப்பா, ஓவர்." அவ்வளவுதான் பேசினாள். அந்த நேரம் மாசானம் வந்தான். நைட் ஷிப்டுக்குப் போகிறவன், எண்ணூரில் இறக்கிவிடச் சொன்னான். வழியில் பேசலாம் என்றான். சரி என்றேன்.

செட் யார் கண்ணிலும் படக்கூடாது என்று நான் எப்போதும் செய்வதுதான். மைக்கைக் கொக்கியில் மாட்டாமல் சீட்டுக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் நடுவில் சொருகினேன். செட்டின்மேல் துண்டைப் போட்டு மூடினேன். ஆனால் அணைக்கவில்லை. வேண்டுமென்றேதான் அணைக்கவில்லை. அங்கே மைக்கில் கை பட்டு, அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசுவது ஏதாவது விழாதா என்று. ஆமாம், அதற்காகத்தான். என் நாட்குறிப்பில் நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

டிரெய்லர் நெரிசல். ஒரு மணி நேரம் ஆயிற்று. மாசானம் தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் விசாரிக்கச் சொன்னதை அவன் மேலே ஒருத்தரிடம் கேட்டிருக்கிறான். அவர் இன்னொருத்தரிடம் கேட்டிருக்கிறார். துறைமுகத்திலிருந்து விசாரணை, ஏதோ திருட்டு விவகாரம் என்று பேச்சு மாறிவிட்டது. எதற்கு வம்பு என்று அறிவின் பாஸை நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர் இருபத்திரண்டிலிருந்து அவனுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஏன் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போது நான் என்ன சொன்னேன்? ஐயோ என்று சொன்னேனா? இல்லை. "நல்லதாப் போச்சு மாசானம்" என்றேன். "வேல வெட்டி இல்லன்னாத்தான் அவன் வண்டவாளம் தெரியும். வியாசர்பாடில எத்தினி பேரைப் பாத்துகீறேன். எம்பொண்ணுக்கு புத்தி இல்ல, ஏமாந்துட்டா. பசிச்சா தானா வூட்டுக்கு வருவா பாரு." இன்னும் சொன்னேன். எழுதமாட்டேன்.

மாசானம் கூட, "அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க, பாவம்ணே" என்றான்.

அவனை இறக்கிவிட்டுவிட்டு வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, துண்டை எடுத்தேன்.

சிவப்பு விளக்கு.

பேசும்போது மட்டும் எரிகிற விளக்கு. செட் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. மைக்கைப் பிடுங்கினேன். ஹேண்ட்பிரேக்கை இறக்கினபோது அது பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விளக்கு அணைந்தது.

இங்கே காலடிப்பேட்டையில் என் வீட்டிலிருந்து எண்ணூர் வரை, திரும்பி வாசல் வரை, நான் பேசினதெல்லாம் போயிருக்கிறது. எண்ணூரை நெருங்க நெருங்க இன்னும் தெளிவாகப் போயிருக்கும். ஆன்டெனா அவ்வளவு நன்றாக மாட்டியிருக்கிறான்.

ஏழு மணிக்குப் பேசினதும் அவர்கள் அணைத்திருப்பார்கள். அணைத்திருப்பார்கள் இல்லையா? மாதாவே, அணைத்திருக்க வேண்டும்.


அக்டோபர் 10, வெள்ளி

ஏழு மணி. கூப்பிட்டேன். பதில் இல்லை.


அக்டோபர் 11, சனி

காலையில் அறிவு போன் செய்தான். எப்போதும் போலவே பேசினான். "மாமா, சாய்ந்தரம் ஏழு மணிக்கு செட்டைப் போட்டு வைங்க. ஷைனி பேசணுமாம்." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

ஆறரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆன்டெனா நேராக நிற்கிறதா என்று இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன். மைக்கைக் கையில் தொடவே பயமாக இருந்தது. கொக்கியில் மாட்டிவிட்டேன்.

ஏழு மணிக்கு வந்தாள். ஒரு சொல்கூட மறக்கவில்லை. எழுதுகிறேன்.

"ப்பா. நான் பட்டனை அமுக்கிகினு இருக்கிற வரைக்கும் இதுல நீ பேச முடியாது. அதுக்குத்தான் இதுல பேசறேன். போன்ல நீ நடுவுல பூந்துடுவ. நேர்ல அதுக்கு மேல.

"எல்லாம் கேட்டோம்ப்பா. அவரு அணைக்கப் போனாரு. நான்தான் வேணாம்னேன். இன்னா சொல்றன்னு முழுசா தெரிஞ்சுக்கணும்னு.

"போனை அவரு எடுக்கிறது நான் சொல்லித்தான். மூணு வருஷமா எப்ப போன் பண்ணாலும் அவரு எங்க போனாரு, எப்ப வந்தாரு, யாரோட பேசினாரு. ஒரு தடவையாச்சும் நீ எப்படி கீறன்னு கேட்டு அதோட வெச்சியா? உன் பேரைப் பாத்தாலே வயிறு இழுத்துப் புடிக்குதுப்பா. டாக்டரம்மா பிரஷர் ஏறுதுன்றாங்க. அவரு பாவம், குளிக்குது தூங்குதுன்னு தினத்துக்கும் ஒரு பொய். உன் மனசு நோவக்கூடாதுன்னு. ஏழாம் மாசம் வரமாட்டேன்னு சொன்னதும் நான்தான். அந்தப் பழியையும் அவரே வாங்கிகினாரு.

"பாஸ் நின்னு போச்சுன்னு ஆபீஸ் ஆபீஸா நடந்தாருப்பா. நம்ம மேல இன்னா தப்புன்னு தெரியாம ராத்திரில எழுந்து உக்காந்துக்குவாரு. நீதான்னு உன் வாயால கேட்டோம். நல்லதாப் போச்சுன்ன பாரு…"

இங்கே கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. ஆனால் பட்டனை விடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"நான் அங்க வரல. கொழந்த இங்கதான் பொறக்கும். அம்மாவை அனுப்பு. நீ வர்றது நான் சொல்லும்போது. ஓவர்."

நான் மைக்கை எடுத்து, "ஷைனி" என்றேன். "ஷைனிம்மா, தப்பு" என்றேன். கையை எடுத்துக் காத்திருந்தேன். கரகர சத்தம்தான். ஓவர் சொன்னதும் அணைத்துவிட்டாள்.

அழுதேன். அதை எழுத வெட்கமில்லை. எழுத வெட்கப்பட வேண்டியது வேறே.


அக்டோபர் 12, ஞாயிறு

ஜானட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊறுகாய் ஜாடியை எடுத்துத் துடைத்து மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.


அக்டோபர் 19, ஞாயிறு

ஜானட்டை அழைத்துப்போக அறிவு ஆட்டோவோடு வந்தான். நான் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், "தப்பு பண்ணிட்டேன் அறிவு" என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. 

"தெரியும் மாமா" என்றான். கையிலிருந்த மூட்டையை ஆட்டோவில் வைத்தான். "வேற யாராச்சும் மாப்பிள்ளையா வந்திருந்தா யார்டுல போய் விசாரிச்சிருப்பீங்களா?"

பதில் எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஆட்டோவில் ஏறப்போனவன் திரும்பி வந்து காருக்குள் தலையை விட்டுப் பார்த்தான். மைக் கொக்கியில் இருந்தது. "இப்படியே மாட்டி வைங்க" என்றான். போய்விட்டான்.

வீடு காலி. சாப்பாட்டு மேசையில் மூன்று நாளைக்கு வேண்டிய குழம்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதில் உப்பு இல்லை. மறந்திருப்பாளா, வேண்டுமென்றா? இதோ, இப்போதுகூட இப்படித்தான் யோசிக்கிறேன். எனக்கு எப்போது இது போகும்?


அக்டோபர் 23, வியாழன்

யார்டுக்குப் போனேன். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். விசாரித்தது நான், சொந்தக் காரணத்துக்காக, துறைமுகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அறிவின்மேல் எந்தக் குற்றமும் கிடையாது என்று.

கேட்டில் மலர் என்று பெயர் குத்தின ஒரு செக்யூரிட்டி அம்மா. யாரைப் பார்க்கணும், எதுக்கு, யார் வரச் சொன்னாங்க. ஆதாரை வாங்கிப் பார்த்தார். "போட்டோல மீசை கீது, உங்களுக்கு காணோமே?" எடுத்துவிட்டேன் என்றேன். "எப்ப எடுத்தீங்க?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெயிலில் ஒரு பெஞ்சில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்தம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நான் திருடன் இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. நான் திருடன் இல்லை என்று எனக்கே நன்றாகத் தெரியும், அப்படியிருந்தும்.

மேனேஜர் படித்துப் பார்த்தார். "தடையை எடுத்துடறோம் பெரியவரே. ஆனா அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. நீங்க ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கணும்" என்றார்.

ஒரு மாசம் முன்னாடி நான் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன்.


அக்டோபர் 24, வெள்ளி

மேனேஜர் சொன்னதை அப்படியே அறிவுக்கு மெசேஜ் போட்டேன். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.


நவம்பர் 5, புதன்

ஜானட் போன். அறிவுக்கு மணலி புதுநகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. போக வர இரண்டு பஸ். பழைய வேலை மாதிரி இல்லையாம், மூட்டை தூக்குகிற இடத்திலும் நிற்க வேண்டுமாம். என்ன கம்பெனி என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. "சரி, நல்லது" என்றேன்.  அப்புறம், "சாப்பிட்டீங்களா?" என்றாள். போன மாதம் போனதிலிருந்து முதல் தடவையாகக் கேட்கிறாள்.


நவம்பர் 12, புதன்

தினமும் ஏழிலிருந்து ஏழரை வரை காரில் உட்காருகிறேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பதினாலாம் சானலில் ஒன்றும் வருவதில்லை. காந்தத்தைத் தூக்கித் துடைத்தேன். அறிவு சொன்ன இடத்தில் சொன்ன மாதிரியே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப வைத்தேன்.


நவம்பர் 18, செவ்வாய்

இன்று மழை. போன் டவர் நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு இருபதுக்குச் செட்டில் ஷைனி. "ப்பா, மழையா அங்க? ஓவர்."

 "மழைதான்ம்மா. ஓவர்" என்றேன்.

"இங்கயும். ஓவர்."

பிறகு அவள் பேசவில்லை. நானும் பட்டனைத் தொடவில்லை. ஏழு நாற்பது வரை உட்கார்ந்திருந்தேன்.


நவம்பர் 24, திங்கள்

காலை ஏழரைக்கு அறிவு போன் செய்தான். ஆறு பத்துக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. ஷைனி நன்றாக இருக்கிறாள். சுகப்பிரசவம்.

எந்த டாக்டர், எத்தனை மணிக்குச் சேர்த்தீர்கள், எனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை, ஒன்றும் விசாரிக்கவில்லை. சந்தோஷம் அறிவு என்றேன். குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் அவனும் மூக்கை உறிஞ்சினான்.

"நான் எப்ப வரலாம்?" என்றேன்.

"ஷைனியைக் கேட்டுச் சொல்றேன் மாமா" என்றான்.

சட்டை மாற்றிக்கொண்டு காரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டியைக் கிளப்பவில்லை. எட்டு ஐந்து. எட்டு இருபது. வரதன் வந்து, இன்னா சார் இங்கயே உக்காந்துகினு கீறீங்க என்றார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்றேன். அப்ப போகாம இன்னா பண்றீங்க என்றார். கூப்பிடுவார்கள், இருக்கிறேன் என்றேன்.

எட்டு ஐம்பது. போன் வந்தது.

"வரச் சொன்னா மாமா. அரை மணி நேரம் மட்டும் இருக்கச் சொன்னா."

போதும்.